உயிர்களின் கொடுக்கல் வாங்கல்: சித்தூர் மண்ணிலிருந்து சில பாடங்கள்

தை மாதம் பாதி கழிந்த பிறகு சித்தூரிலிருந்து கங்காதர நெல்லூர்ப் பக்கம் பேருந்தில் போனவர்களுக்கு ஒரு வாசனை மறக்காது. சாலையோரத் தோப்புகளில் இலை தெரியாத அளவுக்கு மாமரங்கள் பூத்திருக்கும். சன்னலோரம் உட்கார்ந்தால் மூக்கில் ஏறும் அந்த மாம்பூ வாசனை, இன்று நாம் எந்த ஊரில் குடியிருந்தாலும் நினைவில் வந்து நிற்கும்.

அப்படி ஒரு தை மாதத்தில் உறவினர் ஒருவரின் தோப்பில் நின்றுகொண்டிருந்தேன். பூங்கொத்து முழுக்க ஈக்கள் மொய்த்தன. டவுனில் பழகிய கை சும்மா இருக்குமா? விரட்டப் போனேன். தோப்புக்காரப் பெரியவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "உடு தம்பி, அதுங்கள வெரட்டாத. ஈ வரலன்னா காயி ஏது?" என்றார்.

பல்லுயிர்ப் பாதுகாப்பு பற்றிப் பெரிய பெரிய நூல்கள் வந்துள்ளன. அவற்றின் சாரம் பெரியவரின் அந்தப் பேச்சுக்குள் அடங்கியிருக்கிறது. ஓர் உயிர் இன்னொன்றோடு கொடுக்கல் வாங்கல் வைத்துத்தான் பிழைக்கிறது. இடையில் ஒன்று காணாமல் போனால் அதன் வேலை நின்றுபோகிறது. அந்த நட்டத்தை யாரோ ஒருவர் கட்ட வேண்டியிருக்கிறது. பெரும்பாலும் அந்த யாரோ ஒருவர் ஏழை மனிதர்தான். இதை நமக்குத் தெரிந்த மண்ணையும் நாம் வாழ்ந்த காலத்தையும் வைத்தே விளக்க முயல்கிறேன்.

சூழல் மண்டலம் என்பது

ஓரிடத்தில் வாழும் செடி, கொடி, விலங்கு, நுண்ணுயிர் ஆகியவற்றையும், அவற்றைத் தாங்கும் மண், நீர், வெயில் ஆகியவற்றையும் சேர்த்து ஒரே அமைப்பாகப் பார்ப்பதற்கு 'எக்கோசிஸ்டம்' என்று பெயர். ஆர்தர் டான்ஸ்லி என்ற ஆங்கிலேயத் தாவரவியல் அறிஞர் 1935ஆம் ஆண்டில் இச்சொல்லை வழங்கினார். தமிழில் சூழல் மண்டலம் என்கிறோம்.

சொல் புதிது என்றாலும் பார்வை நமக்குப் புதிதன்று. தொல்காப்பியம் நிலத்தைத் திணைகளாகப் பகுத்து, ஒவ்வொரு திணைக்கும் உரிய உணவு, விலங்கு, மரம், பறவை, தொழில் முதலியவற்றைக் கருப்பொருள் என்று ஒரே வரிசையில் வைத்தது. மனிதன் செய்யும் தொழிலும் அங்குள்ள பறவையும் ஒரே பட்டியலில் வருகின்றன என்பதைக் கவனிக்க வேண்டும்.

இந்த மண்டலத்துக்குள் உயிர்களின் உறவு பல வகைப்படும். நம் தோப்பையே எடுத்துக்கொள்வோம்.

பூவுக்கும் ஈக்கும் உள்ளது இருவருக்கும் ஆதாயமான உறவு. ஈக்குத் தேன் கிடைக்கிறது. பூவுக்கு மகரந்தச் சேர்க்கை நடக்கிறது. மேயும் மாட்டின் பின்னாலேயே உண்ணிக்கொக்கு நடப்பதைப் பார்த்திருப்பீர்கள். மாட்டின் கால் பட்டுப் புல்லிலிருந்து கிளம்பும் பூச்சியை அது பிடித்துத் தின்னும். கொக்குக்கு லாபம், மாட்டுக்குப் பெரிய நட்டம் ஒன்றுமில்லை. மாங்கிளையில் ஒட்டிக்கொண்டு மரத்தின் நீரை உறிஞ்சும் புல்லுருவி ஒட்டுண்ணி. எலியைப் பிடிக்கும் சாரைப்பாம்பு கொன்று தின்னும் வகை. ஒரே வெயிலுக்கும் ஈரத்துக்கும் முட்டி மோதும் களையும் பயிரும் போட்டியாளர்கள்.

இதில் நல்லவன், கெட்டவன் என்று பிரிப்பது சுலபமன்று. நாம் திட்டும் புல்லுருவியையே பாருங்கள். அதன் பூவில் தேன்சிட்டு குடிக்கிறது. அதன் பழத்தைப் பூங்கொத்தி என்னும் சின்னஞ்சிறு குருவி தின்று, பசைபோல ஒட்டும் விதையை அடுத்த கிளையில் விட்டுப்போகிறது. நமக்கு ஒட்டுண்ணி, குருவிக்கு அதுதான் சோறு.

மாந்தோப்பின் கணக்கு

சித்தூர்ப் பக்கம் அதிகம் விளைவது தோத்தாபுரி. கிளிமூக்கு, பெங்களூரா என்றும் சொல்வோம். இது பழக்கூழ்த் தொழிற்சாலைகளுக்குப் போகும் ரகம். ஒரு மாம்பூங்கொத்தில் நூற்றுக்கணக்கில், சில சமயம் ஆயிரக்கணக்கில் பூக்கள் இருக்கும். அவற்றில் பல ஆண் பூக்கள். காயாகும் தகுதியுள்ள இருபால் பூக்கள் ஒரு பங்குதான். கடைசியில் ஒரு கொத்துக்கு ஒன்றிரண்டு காய் நின்றாலே நல்ல விளைச்சல். அந்த ஒன்றிரண்டு நிற்பதற்கு ஈ, சிறு தேனீ, குளவி, எறும்பு என ஒரு பட்டாளமே வேலை செய்கிறது. மாம்பூவைப் பொறுத்தவரை தேனீயைவிட ஈக்கு முக்கிய இடம் உண்டு.

அதே பூவுக்குத் தத்துப்பூச்சி என்ற எதிரியும் உண்டு. அது பூங்கொத்தின் சாற்றை உறிஞ்சி, இனிப்பான கழிவை இலைமேல் விடுகிறது. அந்த இனிப்பில் கரும்பூசணம் படர்ந்து இலை கறுத்துப்போகிறது. உழவருக்குப் பயம் வருவது நியாயம். மருந்து அடிக்கிறார். ஆனால் பூ முழுதாக மலர்ந்திருக்கும் நேரத்தில் அடித்தால், தத்துப்பூச்சியோடு ஈயும் தேனீயும் சாகின்றன. தத்துப்பூச்சியைத் தின்னும் சிலந்தியும் சாகிறது. பூச்சிகள் சீக்கிரம் பெருகித் திரும்பி வரும். அவற்றைத் தின்னும் சிலந்தி அவ்வளவு வேகமாகப் பெருகாது. ஆக அடுத்த முறை இன்னும் அதிக மருந்து வேண்டியிருக்கிறது. மொட்டு விடும்போதே கவனியுங்கள், பூ மலர்ந்த பின் மருந்து அடிக்காதீர்கள் என்று தோட்டக்கலைத் துறையினர் சொல்வது இதனால்தான்.

வயலிலும் இதே கதைதான். மழை பெய்த ராத்திரியில் ஏரிக்கரைத் தவளைகள் போட்ட சத்தம் நம்மில் பலருக்குத் தாலாட்டு மாதிரி. ஒரு காலத்தில் இந்தியாவிலிருந்து தவளைக்கால் வெளிநாட்டு ஓட்டல்களுக்கு டன் கணக்கில் ஏற்றுமதி ஆயிற்று. அந்நியச் செலாவணி வந்தது உண்மை. ஆனால் வயலில் பூச்சிகளையும் நண்டுகளையும் தின்றுகொண்டிருந்த கூலியில்லா வேலையாள் கப்பலேறிப் போய்விட்டான். அவன் செய்த வேலைக்கு ஈடாகப் பூச்சிமருந்து வாங்க வேண்டும் என்ற எதிர்ப்பு எழுந்தது. 1987ஆம் ஆண்டில் இந்திய அரசு இந்த ஏற்றுமதியைத் தடை செய்தது.

பாறு போன பிறகு

இந்தக் கணக்கு மனித உயிரையே தொட்ட கதை ஒன்று உண்டு. ஐம்பது வயது கடந்தவர்களுக்கு நினைவிருக்கும்: ஊருக்கு வெளியே செத்த மாட்டைப் போட்டால், எங்கிருந்தோ பிணந்தின்னிக் கழுகுகள் வட்டமிட்டு இறங்கும். கொஞ்ச நேரத்தில் எலும்பு மட்டும் மிஞ்சும். பழந்தமிழில் இதற்குப் பாறு என்று பெயர். பார்க்க அழகில்லாத பறவைதான். ஆனால் அதன் வயிற்று அமிலம் அழுகிய இறைச்சியிலுள்ள கொடிய கிருமிகளையும் கொல்லக்கூடியது.

1990களில் இப்பறவைகள் கொத்துக் கொத்தாகச் சாகத் தொடங்கின. 1992க்கும் 2007க்கும் இடையில் இந்தியாவில் வெண்முதுகுப் பாறு 99.9 விழுக்காடு குறைந்துவிட்டது என்று கணக்கெடுப்புகள் காட்டின. அதாவது ஆயிரம் இருந்த இடத்தில் ஒன்று. காரணம் 2004இல் தெரிந்தது. மாடுகளுக்கு வலிக்குக் கொடுத்த டைக்ளோஃபினாக் என்ற மருந்துதான் அது. மருந்து உடலில் தங்கியிருக்கும்போது இறந்த மாட்டைத் தின்ற பாறுகளுக்குச் சிறுநீரகம் செயலிழந்தது. 2006இல் கால்நடைகளுக்கு இம்மருந்து தடை செய்யப்பட்டது. இதே கேடு செய்யும் கீட்டோபுரோஃபென், அசிக்ளோஃபினாக் ஆகியவையும் 2023இல் தடைப் பட்டியலில் சேர்ந்தன.

பாறு போன பிறகு செத்த மாட்டை யார் தின்பது? தெருநாய்கள் பெருகின. வெறிநாய்க்கடி ஆபத்தும் கூடியது. அழுகிய உடல்கள் தண்ணீரையும் கெடுத்தன. இயல் ஃபிராங்க், அனந்த் சுதர்சன் என்ற இரு பொருளியல் ஆய்வாளர்கள் 2024இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். 2000 முதல் 2005 வரையான ஐந்தே ஆண்டுகளில், பாறுகள் அழிந்ததால் இந்தியாவில் கூடுதலாக ஏறத்தாழ 5 லட்சம் மனிதர்கள் இறந்திருக்கிறார்கள் என்பது அவர்கள் மதிப்பீடு.

மாட்டுக்கு ஊசி போட்டவர் நல்லெண்ணத்தோடுதான் போட்டார். வாயில்லாத ஜீவன் வலியில் துடிக்கிறதே என்ற இரக்கம். அந்த ஊசியின் விளைவு மாடு, பாறு, நாய் என்று சங்கிலியாக ஓடி, எங்கோ ஒரு குழந்தையின் காலில் வந்து கடித்தது. ஓர் உயிர் என்ன வேலை செய்கிறது என்பது பல சமயம் அது போன பின்புதான் நமக்குத் தெரிகிறது.

இன்று நீலகிரிக்குக் கீழேயுள்ள மாயாறு பள்ளத்தாக்குப் போன்ற சில இடங்களில்தான் தென்னிந்தியாவில் பாறுகள் எஞ்சியிருக்கின்றன.

எல்லை தாண்டி வந்த யானைகள்

மாநில எல்லை நமக்குத்தான் உண்டு. சித்தூர் மாவட்டமே 1911இல் உருவானது. 1960இல் திருத்தணிப் பகுதி தமிழ்நாட்டுக்குப் போயிற்று. சித்தூர்ப் பக்கம் நீவா என்று ஓடும் ஆறு, எல்லை தாண்டியதும் பொன்னை என்று பெயர் மாற்றிக்கொண்டு பாலாற்றில் கலக்கிறது. பெயர்தான் வேறு, தண்ணீர் ஒன்றே.

யானைகளும் அப்படித்தான். ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளாகக் காட்டு யானை இல்லாதிருந்த ஆந்திர மண்ணுக்கு, 1980களின் நடுப்பகுதியில் ஓசூர்ப் பக்கக் காடுகளிலிருந்து யானைக் கூட்டங்கள் வந்து சேர்ந்தன. வறட்சியும் காடு சுருங்கியதும் காரணங்களாகச் சொல்லப்படுகின்றன. குப்பம், பலமனேர்ப் பகுதிக் காடுகளில் அவை தங்கிவிட்டன. அவற்றுக்காகவே 1990இல் கௌண்டின்யா வனவிலங்குச் சரணாலயம் அமைக்கப்பட்டது. பிழைப்புக்காக எல்லை தாண்டி வந்து, வந்த இடத்தையே ஊராக்கிக்கொண்ட கதை நம் சங்கத்துக் குடும்பங்களுக்குப் புதிதா என்ன!

யானை காட்டுக்கு என்ன செய்கிறது? ஒரு நாளைக்கு 150 கிலோ அளவில் தழையும் பட்டையும் பழமும் தின்கிறது. அதில் பாதிகூட முழுதாகச் செரிப்பதில்லை. நடந்துகொண்டே சாணம் போடுவதால் விதைகள் தாய்மரத்திலிருந்து மைல் கணக்கில் தள்ளி, எருவோடு விழுகின்றன. சாணத்தைச் சாணவண்டுகள் மண்ணுக்குள் கொண்டுபோகின்றன. யானை ஒடித்துப்போட்ட கிளையின் தழை மானுக்கு எட்டுகிறது. யானை போன தடம் மற்ற விலங்குகளுக்குப் பாதையாகிறது. இப்படித் தன் உடம்பளவுக்கு மீறிப் பிற உயிர்களைத் தாங்குவதால் இதை ஆதார இனம் என்று சூழலியலார் அழைக்கிறார்கள்.

இவ்வளவையும் சொல்லிவிட்டு மறுபக்கத்தை மறைக்கக் கூடாது. சரணாலயம் நீளமாகவும் குறுகலாகவும் கிடக்கிறது. சுற்றிலும் கரும்பு, நெல், மாந்தோப்பு. யானைக்குக் கரும்பு காட்டுப் புல்லைவிட ருசி. ஒரே ராத்திரியில் ஒரு குடும்பத்தின் வருட வருமானம் போய்விடும். காவலுக்குப் போனவர்கள் மிதிபட்டு இறந்திருக்கிறார்கள். கள்ளத்தனமாக மின்சாரம் பாய்ச்சிய வேலியில் பட்டு யானைகளும் இறந்திருக்கின்றன. "யானையக் காப்பாத்துங்கன்னு டவுன்ல இருந்து சொல்றது ஈஸி சார், கடன் கட்டறது நாங்க இல்ல?" என்று ஒரு விவசாயி கேட்டால் அதில் தப்பில்லை.

பாதுகாப்புக்கு ஒரு செலவு உண்டு. அந்தச் செலவைக் காட்டோரத்து உழவர் தலையில் மட்டும் கட்டினால் காடும் நிற்காது, உழவரும் நிற்க மாட்டார். சேதத்துக்கு உடனே இழப்பீடு, யானை வருவதை முன்கூட்டிச் சொல்லும் ஏற்பாடு, காட்டுக்குள் குட்டைகளில் தண்ணீர் ஆகியவை வேண்டும். 2025 மே மாதத்தில் பயிற்சி பெற்ற கும்கி யானைகளைக் கர்நாடக அரசு ஆந்திரத்துக்கு வழங்கியது. காட்டு யானைகளை வயலிலிருந்து திருப்பி அனுப்ப அவை பயன்படும். யானைக்கு யானையே துணை என்பது நல்ல யோசனைதான்.

செம்மரமும் இருபது உயிர்களும்

திருமலைக்குப் போகாத தமிழ்க் குடும்பம் அரிது. மலைப்பாதையில் வண்டி திரும்பும்போது நாம் பார்க்கும் காடு, உலகத்தில் வேறெங்கும் இல்லாத சில உயிர்களின் வீடு. 1989இல் அங்கே ஸ்ரீ வெங்கடேஸ்வரா தேசியப் பூங்கா அமைந்தது. 2010இல் சேஷாசலம் உயிர்க்கோளக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது.

அங்கே நிற்கும் செம்மரம் இயற்கையாக வளர்வது கிழக்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியில் மட்டுமே. காய்ந்த, கல் நிறைந்த சரிவில் மெதுவாக வளரும் மரம். மஞ்சள் பூவைத் தேடித் தேனீக்கள் வரும். வட்டமான இறக்கை வைத்த காயைக் காற்று கொண்டுபோகும். ஒரு மரம் வைரம் பாய்ந்து நிற்கப் பல பத்தாண்டுகள் ஆகும். அதன் வேர் மண்ணைப் பிடித்துக்கொண்டால்தான் பெய்த மழை சரிவில் ஓடிப்போகாமல் உள்ளே இறங்கும். மலையடிவாரக் கிணறுகளில் ஊறும் தண்ணீர் அப்படிச் சேர்ந்ததுதான்.

இதன் சிவந்த வைரக்கட்டைக்குச் சீனாவிலும் ஜப்பானிலும் மரச்சாமான், இசைக்கருவி செய்யப் பெரிய கிராக்கி. 1995இலேயே உலக வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இது சேர்க்கப்பட்டது. இருந்தும் கடத்தல் நிற்கவில்லை. மரத்தை வெட்டுவது கடத்தல் முதலாளி அல்ல. நாள் கூலிக்கு ஆசை காட்டி அழைத்துவரப்பட்ட ஏழைகள். 2015 ஏப்ரல் 7ஆம் நாள் சேஷாசலம் காட்டில் காவல் துறையினர் சுட்டதில் 20 பேர் இறந்தார்கள். அவர்கள் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள். மலைவாழ் மக்களும் அவர்களில் உண்டு.

இந்தச் செய்தியை அன்று படித்தபோது நம் வீடுகளில் எல்லாம் மனம் கனத்தது. மரத்தின் பக்கமா, மனிதர் பக்கமா என்று கேட்டால் பதில் சொல்ல வராது. சொந்த ஊரில் வேலையும் மழையும் இருந்தவன் இன்னொரு மாநிலத்துக் காட்டுக்குள் கோடாரியோடு போவானா? அங்கே அவன் மலையும் மொட்டையாகி, நிலம் வறண்டு, பிழைப்பு போன பிறகுதான் இங்கே வந்து இந்த மரத்தில் கை வைக்கிறான். காடு அழிவதும் மனிதன் ஏழையாவதும் சேர்ந்தே நடக்கின்றன.

ஒரு காட்டு நெல் காத்த வயல்கள்

"எல்லாம் சரி, ஒரு பூச்சி, ஒரு புல் இல்லாவிட்டால் என்ன குடி முழுகிவிடும்?" என்று கேட்பவர்கள் உண்டு. அவர்களுக்கு ஒரு நெல்லின் கதை.

1970களில் ஆசிய நாடுகளின் நெல்வயல்களைப் புல்குட்டை என்ற நச்சுயிரி நோய் தாக்கியது. புகையான் பூச்சி அதைப் பரப்பியது. பிலிப்பைன்ஸில் உள்ள பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிலையம் ஆயிரக்கணக்கான நெல் வகைகளைச் சோதித்துப் பார்த்தது. உத்தரப் பிரதேசத்திலிருந்து சேகரித்த ஒரைசா நிவாரா என்ற காட்டு நெல்லின் மாதிரி ஒன்றில்தான் எதிர்ப்புச் சக்தி கிடைத்தது. குட்டை ஓரத்தில் களையாக நிற்கும் நெல் அது. அதை ஒட்டுச் சேர்த்துத்தான் ஐ.ஆர். 36 போன்ற ரகங்கள் வந்தன. பல கோடிப் பேர் சோறு தின்றார்கள். அந்தக் குட்டையை யாராவது தூர்த்து வீடு கட்டியிருந்தால்?

பன்மை என்பது பல இனங்கள் இருப்பதோடு முடிவதில்லை. ஒரே இனத்துக்குள் பல ரகங்கள், பல வகை நிலங்கள் என்று மூன்று படிகளில் அது இருக்கிறது. தோப்பு முழுக்க ஒரே தோத்தாபுரியாக இருந்தால், ஒரு நோய் வந்தாலும் ஒரே அடி. நாட்டு மாமரம் நாலு வரப்போரம் நின்றால், என்றாவது ஒரு நாள் அதன் வித்து கைகொடுக்கும்.

நாம் செய்யக்கூடியவை

சொந்த ஊரில் நிலம் வைத்திருப்பவர்கள், தோப்பைக் குத்தகைக்கு விட்டிருந்தாலும், பூ மலர்ந்திருக்கும்போது மருந்து வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லலாம். மாடு வைத்திருப்போர், தடை செய்த வலிமருந்து போடுகிறார்களா என்று மருத்துவரைக் கேட்கலாம். வரப்போர நாட்டு மரத்தை வெட்டாமல் விடலாம்.

2002ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டப்படி, ஒவ்வோர் ஊராட்சியிலும் பல்லுயிர் மேலாண்மைக் குழு அமைத்து, உள்ளூர் உயிர்களையும் அவற்றைப் பற்றிய மக்களின் அறிவையும் பதிவேட்டில் எழுத வேண்டும். இதற்கான தேசிய ஆணையம் சென்னையில்தான் இருக்கிறது. கங்காதர நெல்லூர்ப் பக்கத்துப் பெரியவர்களுக்குத் தெரிந்த மூலிகைப் பெயர், பறவைப் பெயர் எல்லாம் அந்தப் பதிவேட்டில் ஏற வேண்டியவை. அவற்றில் பல தமிழில் இருக்கின்றன, சில தெலுங்கில் இருக்கின்றன, சில இரண்டும் கலந்து இருக்கின்றன. அப்படியே எழுதட்டும்.

வெளியூரில் வளரும் நம் பிள்ளைகளுக்குச் சிங்கம், ஒட்டகச்சிவிங்கி எல்லாம் தெரியும். உண்ணிக்கொக்கு தெரியாது, பூங்கொத்தி தெரியாது. விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது ஒரு நோட்டுப் புத்தகம் கொடுங்கள். பார்த்த உயிரின் பெயரைப் பாட்டியிடம் கேட்டு எழுதச் சொல்லுங்கள். அது என்ன தின்கிறது, அதை எது தின்கிறது என்று பக்கத்தில் இன்னொரு வரி. பத்து உயிர்களை எழுதிக் கோடு போட்டு இணைத்தால், சூழல் மண்டலம் என்ற பெரிய வார்த்தை பிள்ளைக்குத் தானே புரிந்துவிடும்.

அந்தத் தை மாதத்துக்கு அப்புறமும் அதே தோப்புக்குப் போயிருக்கிறேன். பூ நேரத்தில் பெரியவர் மருந்து அடிப்பதில்லை. "நாலு காயி பூச்சி தின்னா தின்னுட்டுப் போவட்டும் தம்பி, மிச்சம் நமக்குத்தானே" என்றார். ஈக்கள் அவர் தலைமேலேயே மொய்த்துக்கொண்டிருந்தன. நான் கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தேன்.